பக்கப்பையைப் பொருத்தும்போது வண்டியில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் செல்வோர் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் அண்மையில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். மழைச்சட்டை, கையுறை, பஞ்சர் ஒட்டும் பொருள்கள், பயணத்தின் நடுவே எடுத்துக்கொள்ள வேண்டிய ஓய்வு ஆகியவற்றைப் பற்றி அதில் சொல்லப்பட்டிருந்தவை யாவும் பயனுள்ளவையே. ஆனால் சீட்டின் இருபுறமும் தொங்கும் பக்கப்பைகளைப் பற்றி மட்டும் கட்டுரையாளர் ஒரே வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டார்; எத்தனை லிட்டர் கொள்ளளவு வேண்டும் என்று முடிவு செய்து வாங்கிவிட்டால், பொருத்துவது பத்து நிமிட வேலை என்பது அந்த வாக்கியத்தின் சாரம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பைகளோடு வண்டி ஓட்டி வருகிறவன் என்ற முறையிலும், அந்தப் பத்து நிமிடத்தை நம்பி ஒருமுறை நடுச்சாலையில் விழப்போனவன் என்ற முறையிலும், அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கடையில் பையைப் பொருத்திப் பார்க்கும்போது வண்டி சென்டர் ஸ்டாண்டில் நிற்கிறது, பை காலியாக இருக்கிறது, சீட்டில் யாரும் இல்லை. சாலையில் இவை மூன்றும் தலைகீழாகிவிடுகின்றன. பைக்கும் சக்கரத்துக்கும் இடையிலும், பைக்கும் சைலன்சருக்கும் இடையிலும் கடையில் நாம் கண்ணால் அளந்து திருப்தி அடைந்த இடைவெளி, வண்டி கிளம்பி முதல் மேடுபள்ளத்தில் இறங்கும்போது அங்கே இருப்பதில்லை. பக்கப்பையால் ஏற்படும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே முளைக்கின்றன என்பது என் கருத்து.

என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் முதன்முதலாக வாங்கியவை, சீட்டின் குறுக்கே இரண்டு பட்டைகளைப் போட்டு இருபுறமும் தொங்கவிடும் துணிப்பைகள். பொதிமாட்டின் முதுகில் மூட்டைகளைத் தொங்கவிடும் அதே பழைய முறைதான். கம்பியோ சட்டமோ வேண்டியதில்லை, வேண்டாதபோது கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடலாம். கடையில் பொருத்தியவர் பட்டைகளை இழுத்து இறுக்கி, பக்கிளைப் பூட்டி, மிஞ்சிய பட்டை முனைகளைப் பைக்கு அடியில் செருகிவிட்டார். பார்ப்பதற்குக் கச்சிதமாகவே இருந்தது. மறுநாள் பையில் பொருள்களை நிறைத்துக்கொண்டு கிளம்பினேன். மூன்று மணி நேரம் ஓடிய பின்பு, ஒரு வேகத்தடையை மெதுவாகத் தாண்டியபோது, பின்சக்கரம் பிரேக் பிடிக்காமலேயே பூட்டிக்கொண்டது போல் ஒரு கணம் இழுபட்டது. இடப்பக்கப் பை விசுக்கென்று முன்னால் நகர்ந்து என் குதிகாலில் இடித்தது. பிறகு ஏதோ அறுந்த சத்தம் கேட்டு, வண்டி மறுபடியும் இயல்பாக உருண்டது. இறங்கிப் பார்த்தால், செருகி வைத்திருந்த பட்டை முனை அதிர்வில் நழுவிச் சங்கிலியின் மேல்பக்கத்தில் விழுந்திருக்கிறது. எஞ்சின் இழுக்கும்போது சங்கிலியின் மேல்வரிசை முன்னோக்கி ஓடுவதால், அது பட்டையை நேராக எஞ்சின் பக்கத்துச் சிறிய பற்சக்கரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது. அந்தப் பற்சக்கரத்தைச் சுற்றி மூடி இருப்பதால் உள்ளே விரல் நுழையும் இடம்கூடக் கிடையாது. பட்டை அங்கே சுருண்டு அடைத்துக்கொண்டால் பின்சக்கரம் நின்றுவிட வேண்டியதுதான். என் நல்ல காலம், பட்டை மலிவானது, தையலோடு பிய்ந்துபோயிற்று. உறுதியான பட்டையாக இருந்து, வேகமும் சற்றுக் கூடுதலாக இருந்திருந்தால், இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருப்பேனா என்பதே ஐயம்.

பொருத்தியவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் காலியான பையைப் பொருத்தினார். காலியான பைக்கு அவர் செய்தது சரியாகவே இருந்தது. பையில் எடை ஏறியதும் பட்டை இழுபட்டு நீண்டது, பை இறங்கியது, அடியில் செருகியிருந்த முனைக்குப் பிடிமானம் போயிற்று. அன்று முதல் நான் பட்டை முனைகளைச் செருகுவதே இல்லை. தேவைக்கு மேல் நான்கு விரல் அளவு விட்டு மிச்சத்தை வெட்டி, நூல் பிரியாதபடி வெட்டிய விளிம்பைத் தீயில் இலேசாக உருக்கிவிட்டு, அந்த நான்கு விரல் அளவையும் மடித்துப் பட்டையோடு சேர்த்துக் கட்டிவிடுகிறேன். புதுப்பையை வெட்டுவதா என்று சிலர் தயங்குவார்கள், வெட்டத்தான் வேண்டும்.

பட்டையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நைலான் நீரை உறிஞ்சும் தன்மை கொண்டது, நனைந்தால் நீளும். பாலியெஸ்டர் அந்த அளவுக்கு நீள்வதில்லை. வெயிலில் இறுக்கமாகக் கட்டிய நைலான் பட்டை, அரை மணி நேர மழைக்குப் பின் தளர்ந்து கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே மழை பிடித்தால் ஒதுங்கும் இடத்தில் உடையைப் பிழிவதற்கு முன் பட்டையை ஒருமுறை இழுத்துப் பார்ப்பது நல்லது.

இனி, சென்டர் ஸ்டாண்டு மறைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். வண்டியை அந்த ஸ்டாண்டில் ஏற்றியதும் பின்சக்கரம் தரையை விட்டுத் தூக்கப்படுகிறது. ஷாக் அப்சார்பர்கள் முழுமையாக நீண்டு, சக்கரம் தன்னால் இயன்ற மிகத் தாழ்ந்த நிலையில் தொங்குகிறது. ஓட்டுபவர் ஏறி அமர்ந்தாலே வண்டியின் உடல் தாழ்கிறது. அதாவது சக்கரம் உடலை நோக்கி மேலே வருகிறது. சாதாரணச் சாலை வண்டிகளில் பின்சக்கரத்துக்கு ஏறத்தாழ 100 முதல் 130 மில்லிமீட்டர் வரை மேலும் கீழும் அசையும் இடம் உண்டு; கரடுமுரடான பாதைக்கென்றே செய்யப்பட்ட வண்டிகளில் அது 200 மில்லிமீட்டரைத் தாண்டும். அந்த இடத்தில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ ஆள் ஏறியதுமே செலவாகிவிடுகிறது. மீதி பெரிய பள்ளத்தில் செலவாகிறது. பை உடலோடு சேர்ந்தது. சக்கரமும், அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்மும், அச்சின் முனையில் துருத்திக்கொண்டிருக்கும் நட்டும், சங்கிலியை இறுக்கும் போல்ட்டும் மேலெழுந்து வருபவை. கடையில் பையின் அடிப்பகுதிக்கும் அச்சு நட்டுக்கும் நடுவே அரைச் சாண் இடம் தெரிந்தாலும், இருவர் அமர்ந்து பள்ளத்தில் இறங்கும்போது நட்டு பையின் அடியைக் குத்தக்கூடும்.

மேலிருந்து கீழ் மட்டுமா? உள்நோக்கியும் பை நகர்கிறது. சட்டத்தின் ஆதரவில்லாமல் தொங்கும் துணிப்பை, ஓடும்போது காற்றின் அழுத்தத்தாலும் சாலையின் குலுக்கலாலும் சக்கரத்தின் பக்கம் ஒதுங்கும். டயரில் உரசினால் துணி தேய்ந்து ஓட்டை விழும், உள்ளே இருப்பது ஒவ்வொன்றாகச் சாலையில் உதிரும். அது சிறிய இழப்பு. பையின் மூலை ஸ்போக்குகளுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இதனால்தான் பைக்கும் சக்கரத்துக்கும் நடுவே வளைந்த கம்பியாலான தாங்கி ஒன்றை வைக்கிறார்கள். எடையைச் சுமப்பதைக் காட்டிலும் பையை உள்ளே போகவிடாமல் தடுப்பதே அதன் முதல் வேலை. பைக்குத் தாங்கி தேவையா, இல்லாமலே சமாளிக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், தாங்கி இல்லையென்றால் பையே வேண்டாம் என்பதுதான். வண்டிக்கேற்ற தாங்கி கிடைக்கவில்லையென்றால் பின்சீட்டின் மேல் கட்டும் உருளைப்பை ஒன்றே போதும்.

இடைவெளியைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பையில் கொண்டுபோகப் போகும் பொருள்களையே நிறைத்து, ஸ்டாண்டிலிருந்து வண்டியை இறக்கி, உண்மையில் பயணம் செய்யப்போகிறவர்களே ஏறி அமர்ந்து, சீட்டை அழுத்தி நாலைந்து முறை குதித்துப் பாருங்கள். மற்றொருவர் குனிந்து பையின் உட்புறத்தைக் கவனிக்கட்டும். அதற்குப் பின் டயரின் பக்கச் சுவரிலும் ஸ்விங் ஆர்மிலும் அச்சு நட்டிலும் சாக்பொடியைக் குழைத்துப் பூசிவிட்டு, வழக்கமான சாலையில் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிவிட்டு வந்து பையைக் கழற்றினால், தொட்ட இடத்தில் வெள்ளைத் தடம் இருக்கும். தடம் இருந்தால், பையை மேலேற்ற வேண்டும், அல்லது தாங்கியை வெளியே நகர்த்த வேண்டும், அல்லது சிறிய பையாகப் பார்க்க வேண்டும். நான் புதிதாக எந்தப் பையை வாங்கினாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் நெடுஞ்சாலைக்குப் போவதில்லை.

சைலன்சர் விஷயத்தில் நிலைமை சற்று வேறு. சைலன்சரும் உடலோடு பிணைக்கப்பட்டிருப்பதால், சக்கரத்தைப் போல் அது பையை நோக்கி எழுந்து வருவதில்லை. இறங்கி வருவது பைதான். எடையால் பட்டை நீள்கிறது. பையின் வயிறு உப்புகிறது. மூன்று விரல் இடைவெளி ஒரு விரலாகிறது. பைகளுக்குப் பயன்படும் இழைகளில் பாலிபுரொப்பிலீன் ஏறத்தாழ 165 டிகிரி செல்சியஸிலும், நைலான் 6 என்ற வகை 220 டிகிரியிலும், பாலியெஸ்டர் 255 டிகிரியை ஒட்டியும் உருகுகின்றன. உருகுவதற்கு வெகு முன்பே அவை இளகி வலுவிழந்துவிடும். உள்பூச்சாக இருக்கும் பிவிசி போன்றவை இன்னும் குறைந்த வெப்பத்திலேயே இளகிவிடும். எஞ்சினிலிருந்து புறப்படும் குழாயின் தொடக்கப் பகுதியும், உறை இல்லாத சைலன்சரின் முன்பகுதியும் இந்த வெப்பநிலைகளை எட்டக்கூடியவை.

இதில் ஒரு வேடிக்கை, வேகமாக ஓடும்போது பை பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது என்பது. காற்று வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதும், நீண்ட ஓட்டத்துக்குப் பின் வண்டியை நிறுத்தியவுடனும், வெப்பம் போக வழியின்றி மேலெழுந்து நேராகப் பையின் அடியில் தேங்குகிறது. நெடுஞ்சாலையில் நன்றாக இருந்த பை, ஊருக்குள் நுழைந்து சிக்னல்களில் நின்ற பிறகு பொசுங்கிப்போவது இதனால்தான். ஆகவே நிறைந்த பைக்கும் சைலன்சருக்கும் நடுவே குறைந்தது ஐந்து சென்டிமீட்டராவது இருக்கும்படி பார்த்துக்கொள்வது என் வழக்கம். அவ்வளவு இடம் கிடைக்காத வண்டிகளில் உலோகத் தகடாலான வெப்பத் தடுப்பைப் பொருத்தலாம். ஆனால் தகட்டைச் சைலன்சரோடு ஒட்டிக் கட்டிவிட்டால் தகடும் அதே சூட்டுக்கு வந்துவிடும். சைலன்சருக்கும் தகட்டுக்கும் நடுவிலும், தகட்டுக்கும் பைக்கும் நடுவிலும் காற்றோட வழி இருந்தால்தான் அது தடுப்பு. புகை வெளிவரும் வாய்க்கு நேராகப் பையின் எந்தப் பகுதியும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சங்கிலிக்குத் தெளிக்கும் மசகு எண்ணெய் ஸ்பிரே டப்பாவையும் எரிபொருள் நிரப்பிய குப்பியையும் பலர் கைக்கு எட்டும் பையில் போட்டுவிடுகிறார்கள். அது சைலன்சர் பக்கத்துப் பையாக இருந்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை யோசிக்க வேண்டும். அழுத்தத்தில் அடைத்த, எளிதில் தீப்பற்றும் வாயு உள்ள டப்பா அது. அதை மறுபக்கப் பையில் வையுங்கள். எரிபொருளை எந்தப் பக்கப்பையிலும் வைக்காதீர்கள்.

பட்டையைச் சீட்டுக்கு மேலே போடுவதா, அடியில் போடுவதா என்பது மற்றொரு கேள்வி. மேலே போட்டால் பின்னால் அமர்பவரின் அடியில் அது உறுத்தும். அவர் எழுந்து அமரும்போதெல்லாம் நகரும். அடியில் போட்டால் நகராது. ஆனால் சீட்டின் பூட்டு சரியாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும், பட்டை மின்கம்பிகளை அழுத்தித் தேய்க்கிறதா என்று பார்க்க வேண்டும், பட்டையில் உள்ள உலோக வளையம் பேட்டரியின் முனைகளுக்கு அருகில் போகவே கூடாது. நான் அடியில்தான் போடுகிறேன்.

கம்பித் தாங்கிகளையும் உலோகப் பெட்டிகளுக்கான சட்டங்களையும் பொருத்தும்போது நடக்கும் தவறுகள் வேறு வகையானவை. பொதுவாக இவை, ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட், பின்கைப்பிடியின் போல்ட், பின் ஃபுட்ரெஸ்ட்டின் போல்ட் என ஏற்கெனவே வண்டியில் உள்ள போல்ட்டுகளையே பகிர்ந்துகொள்கின்றன. சட்டத்தின் தடிமன் நடுவே வந்ததும் பழைய போல்ட் அந்த அளவுக்குக் குட்டையாகிவிடுகிறது. நுனியில் இரண்டு மரை மட்டும் பிடித்திருந்தாலும் மேலே இருந்து பார்ப்பவருக்கு இறுகியது போலவே தோன்றும். எஃகில் போல்ட்டின் விட்டத்துக்குச் சமமான நீளமாவது, அலுமினியத்தில் அதைப்போல் ஒன்றரை மடங்காவது மரை உள்ளே பிடித்திருக்க வேண்டும் என்பது பட்டறைகளில் நெடுங்காலமாக உள்ள கணக்கு. ஆகவே நீளமான போல்ட்டையும் கேட்டு வாங்க வேண்டும். வலிமைத் தரம் பழையதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். வழக்கமான 8.8 தர எஃகுப் போல்ட்டுகளில், 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டரும், 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டரும் முறுக்கினால் போதும். வண்டியின் கையேட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே இறுதி. கைவலு உள்ள மட்டும் முறுக்கி அலுமினிய மரையை உரித்துவிடுவதும், அதிர்வில் தானாகக் கழன்றுவிடும்படி தளர்வாக விடுவதும் ஒரே அளவு கெடுதல்தான். நைலான் வளையம் உள்ள நட்டையோ, மறுபடி கழற்றக்கூடிய நீல நிற மரைப் பசையையோ பயன்படுத்தலாம். சிவப்புப் பசை சூடேற்றினால் தவிர எளிதில் கழலாது, நடுவழியில் கழற்ற வேண்டி வந்தால் சங்கடம். முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லாப் போல்ட்டுகளையும் ஒருமுறை சாவி போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

இடப்பக்கச் சட்டத்தையும் வலப்பக்கச் சட்டத்தையும் பதிவெண் தகட்டுக்குப் பின்னால் இணைக்கும் குறுக்குக் கம்பி ஒன்று பெட்டியோடு வந்திருக்கும். பார்வைக்கு அழகில்லை என்று அதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் இரு சட்டங்களும் தனித்தனியே உள்ளும் வெளியும் வளைந்து, பற்றவைத்த இணைப்பில் வெடிப்பு விழும். வண்டியின் சேஸிஸிலேயே கொக்கிகளைப் பற்றவைத்துக்கொள்வதை நான் ஏற்பதில்லை. வெல்டிங்கின் சூடு அந்த இடத்து உலோகத்தின் தன்மையை மாற்றுகிறது. பேட்டரியைக் கழற்றாமல் செய்தால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியும் பழுதாகலாம்.

எடையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் இருபக்கச் சமநிலையைத்தான் முதலில் சொல்கிறார்கள். சொல்வது சரிதான், ஆனால் அதற்குக் கொடுக்கும் முக்கியத்துவம் சற்று மிகை என்று எனக்குத் தோன்றுகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பையில் 8 கிலோவும் மற்றொன்றில் 3 கிலோவும் இருப்பதாகவும், பையின் நடு, வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 35 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாகவும் கொள்வோம். வண்டியும் ஆளும் சேர்ந்து 220 கிலோ என்றால், அந்த 5 கிலோ வேறுபாடு மொத்த எடையின் மையத்தைப் பக்கவாட்டில் நகர்த்துவது 8 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதைச் சரிக்கட்ட வண்டி சாய வேண்டியது ஒரு பாகைகூட இல்லை. ஓடும்போது இதைக் கவனிக்காமலே பலர் பயணத்தை முடித்துவிடுவார்கள். தொல்லை வருவது நிற்கும்போதும் தள்ளும்போதும்தான். சைடு ஸ்டாண்டு பெரும்பாலான வண்டிகளில் இடப்பக்கம் இருப்பதால், வலப்பையில் எடை மிகுந்தால் வண்டி ஸ்டாண்டின் மேல் சாயும் சாய்வு குறைந்து, இலேசாக இடித்தாலும் வலப்பக்கம் கவிழ்ந்துவிடும். வண்டியை நிறுத்திவிட்டு இடப்பையை மட்டும் முதலில் கழற்றுகிறவர்கள் இதை அனுபவித்திருப்பார்கள்.

இதைவிடப் பெரிய தவறு எடையைப் பின்னால் தள்ளி வைப்பது. முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் நடுவே 1400 மில்லிமீட்டர் தூரம் உள்ள வண்டியில், பின்அச்சுக்குப் பின்னால் 300 மில்லிமீட்டர் தள்ளி 20 கிலோ வைத்தால், பின்சக்கரத்தின் மேல் 24 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக ஏறுகிறது. அந்தக் கூடுதல் முன்சக்கரத்திலிருந்து பிடுங்கப்படுகிறது. நெம்புகோல் கணக்குத்தான். சாலையைப் பற்றிக்கொள்வதும் திசையைக் காட்டுவதும் முன்சக்கரம். பிரேக்கின் பெரும்பங்கும் அதன் மேல்தான். அது இலேசானால், வேகம் கூடும்போது வண்டியின் பின்பகுதி நொடிக்கு இரண்டு முதல் நான்கு முறை வரை பாம்புபோல் நெளியத் தொடங்கும். அப்படி நெளிந்தால் பிரேக்கை இறுக்கிப் பிடிக்காமலும், ஹேண்டில்பாரோடு மல்லுக்கட்டாமலும், ஆக்சிலரேட்டரைச் சிறிது சிறிதாக விட்டு வேகத்தைத் தணிக்க வேண்டும். ஆகவே பைகளை எவ்வளவு முன்னால் கொண்டுவர முடியுமோ அவ்வளவு முன்னால், பின்னால் அமர்பவரின் காலுக்கும் ஓட்டுபவரின் குதிகாலுக்கும் கிக்கருக்கும் இடையூறு இல்லாதபடி பொருத்துங்கள். கனமான கருவிகளைப் பையின் அடியில் உட்பக்கமாகவும், துணிமணிகளை மேலேயும் வெளிப்பக்கமாகவும் வையுங்கள்.

எவ்வளவு எடை ஏற்றலாம் என்பதற்கும் லிட்டர் கணக்கு உதவாது. ஒரு பேச்சுக்கு, வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 330 கிலோ என்றும், எரிபொருளோடு வண்டி 160 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். மிஞ்சும் 170 கிலோவில் ஓட்டுபவருக்கு 75, உடன் வருபவருக்கு 65 போக, எஞ்சுவது 30. சட்டம் 5 கிலோ, உலோகப் பெட்டிகள் இரண்டும் சேர்ந்து 9 கிலோ என்றால், பொருள்களுக்கு மிஞ்சுவது 16 கிலோ. பக்கத்துக்கு 35 லிட்டர் பெட்டிகளை வாங்கியவர் அவற்றை நிறைக்காமல் இருப்பாரா? சட்டத்தின் உற்பத்தியாளர் பக்கத்துக்கு இவ்வளவுதான் என்று தனியாக ஒரு வரம்பு விதித்திருப்பார். இரண்டு வரம்புகளில் எது குறைவோ அதுவே நமக்குரியது.

துணிப்பையா, கெட்டிப்பெட்டியா என்ற விவாதத்தில் நான் நுழைய விரும்பவில்லை. பெட்டிக்குப் பூட்டு உண்டு, மழை நுழையாது. கல்லும் மண்ணுமான பாதையில் மெதுவாக விழும்போது காலை நசுக்கிவிடும் அபாயமும் அதற்கு உண்டு. நான் துணிக்கட்சி. மழைக்கு, வெளியே போடும் உறையைக் காட்டிலும் உள்ளே ஒரு நீர்புகாப் பையை வைத்து வாயைச் சுருட்டிக் கட்டுவதே நம்பகமானது.

பை ஏறியதும் சரிபார்க்க வேண்டிய மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டயரின் காற்றழுத்தத்தைக் கையேட்டில் உள்ள பாரத்துக்கான அளவுக்கு ஏற்ற வேண்டும். ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை ஓரிரு படிகள் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்பகுதி தாழ்ந்து, ஹெட்லைட்டின் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். பின்பகுதி தாழத்தாழச் சங்கிலியும் இறுகும் என்பதால், அதன் தொய்வை ஆளும் பாரமும் ஏறிய நிலையில் பார்க்க வேண்டும். பின் இண்டிகேட்டர்களும் பதிவெண் தகடும் மறைந்துவிடவில்லையே என்பதைப் பத்தடி பின்னால் போய் நேராகவும் இருபக்கமும் சாய்வாகவும் நின்று பார்க்க வேண்டும். மறைந்தால் இண்டிகேட்டரை இடம் மாற்றாமல் கிளம்பக் கூடாது. பைகளின் மொத்த அகலம் ஹேண்டில்பாரின் அகலத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. முன்னால் நுழைந்த இடத்தில் பின்னாலும் நுழையும் என்று நம்பித்தானே நாம் ஓட்டுகிறோம்.

ஆசிரியர் அவர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். பைகளையும் சட்டங்களையும் தயாரிப்பவர்கள் கொள்ளளவைப் பெரிய எழுத்தில் அச்சிடுவதுபோல், பக்கத்துக்கு எத்தனை கிலோ, சைலன்சரிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், தாங்கி கட்டாயமா இல்லையா என்ற மூன்றையும் அதே அளவு எழுத்தில், வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அச்சிட வேண்டும் என்பதைத் தங்கள் வாகனப் பகுதி தொடர்ந்து வலியுறுத்த வேண்டும். பை விற்கும் கடைக்காரர்கள், பொருத்தி முடித்ததும் வாடிக்கையாளரை வண்டியில் ஏற்றி அமர்த்தி இடைவெளியைக் காட்டிவிட்டுப் பணம் வாங்கும் வழக்கத்துக்கு வந்தால், அதற்கு ஆகும் நேரம் இன்னும் பத்து நிமிடம்தான்.

இரண்டாவது வேண்டுகோள் அந்தக் கட்டுரையோடு வெளியான படத்தைப் பற்றியது. பயணத்துக்கு ஆயத்தமாக நிற்கும் அந்த வண்டியின் இடப்பக்கப் பையைப் பெரிதாக்கிப் பார்த்தால், பக்கிளைத் தாண்டி வந்த பட்டை முனை ஒரு முழ நீளத்துக்குச் சங்கிலிக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருப்பது தெரியும். அந்தப் படத்தையே, அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டு, மறுபடி ஒருமுறை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்